சின்ன கேம், நாலு கடை: கோலாலம்பூரில் உட்கார்ந்து எங்கே வாங்குவது?

ஒரே ஆளோ, நாலைந்து பேரோ சேர்ந்து உருவாக்கிய ஒரு கேம், அதாவது இண்டி கேம். விலை பத்துப் பதினைந்து டாலர். அது ஸ்டீமில் இருக்கிறது, ஜிஓஜியில் இருக்கிறது, இட்ச்.ஐஓவில் இருக்கிறது. மூன்றும் கணினி கேம் விற்கும் இணையக் கடைகள். உருவாக்கியவரின் சொந்த இணையத்தளத்திலும் வாங்குவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. எதை அழுத்துவது?

பெரும்பாலோர் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ரிங்கிட்டில் சம்பளம் வாங்கி டாலரில் செலவு செய்கிறவர்களிடம் போய் விலை முக்கியமில்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறொன்று: காசு கட்டிய பிறகு நம் கையில் என்ன மிஞ்சுகிறது? எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு கோப்பா, கேமைத் திறக்கும் ஒரு சாவி எண்ணா, இல்லை எங்கோ ஒரு சர்வரில் நம் பெயருக்கு நேராக ஒரு பதிவு மட்டும்தானா? இம்பி பிளாசா பக்கம் ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து ரிங்கிட்டுக்கு, திருட்டு சிடி வாங்கிய தலைமுறைக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. சிடி மேசையில் கிடக்கும், அவ்வளவுதான். முறையாக வாங்கத் தொடங்கிய பிறகுதான் இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டீமிலிருந்து தொடங்குவோம். 2003-இல் வால்வ் நிறுவனம் தொடங்கிய கடை. நம் ஊரில் கேம் வாங்குவது என்றாலே முதலில் வாயில் வரும் பெயர். அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. விலை ரிங்கிட்டில் இருக்கிறது. மலேசியாவுக்கென்று தனி விலை வைக்க உருவாக்கியவருக்கு வசதி உண்டு. பல இண்டி கேம்களுக்கு அந்த விலை, டாலரை அப்படியே மாற்றினால் வருவதைவிடக் குறைவு. கடன் அட்டை இல்லாத கல்லூரிப் பிள்ளைகள் செவன் இலெவனுக்குப் போய், ஸ்டீம் அக்கவுண்டில் காசு சேர்க்கும் ஸ்டீம் வாலெட் கோட் வாங்கிக்கொள்ளலாம். ஒன்று கவனம்: வாலெட்டில் போட்ட காசு திரும்ப வெளியே வராது. இருபது வெள்ளிக் கேமுக்கு ஐம்பது வெள்ளிக் கோட் வாங்கினால் மீதி முப்பதும் அங்கேயே கிடந்து அடுத்த கேமைத் தேட வைக்கும்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதியும் தெளிவானது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், கேள்வி கேட்காமல் திருப்பித் தந்துவிடுவார்கள். நம் கணினியில் ஓடுமா ஓடாதா என்ற சந்தேகம் இருக்கும் கேமுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இண்டி கேம்களில் பல சின்னவை. தமிழர்கள் பெருமையாகப் பேசும் 'வெண்பா'வையே எடுத்துக்கொள்ளுங்கள். டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையல் கதை. 2024-இல் இண்டி கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரும்பரிசையும், அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதையும் வாங்கியது. உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விதிப்படி, முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க இடமிருக்கிறது. வாழையிலையில் வயிறார சாப்பிட்டுவிட்டு, இலையைக் காட்டிக் காசைத் திருப்பிக் கேட்கிற வேலை அது. செய்யாதீர்கள்.

ஸ்டீமின் பலவீனம், கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியில்தான். அங்கே நாம் வாங்குவது கேமைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. பணம் கட்டும் பக்கத்திலேயே இதை எழுதிப் போட்டிருக்கிறார்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியாச் சட்டத்தை ஒட்டி 2024 அக்டோபரில் அந்த வரி வந்தது. அக்கவுண்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு மற்றொரு சிக்கல்: 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. கேம் சின்னது, பழைய மடிக்கணினியிலேயே ஓடும். ஆனால் அதைத் திறந்துவிட வேண்டிய ஸ்டீம் அங்கே ஓடுமென்று நம்பியிருக்க முடியாது.

அதற்காக ஸ்டீமில் வாங்கிய எல்லாமே பூட்டுக்குள் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கடையின் அனுமதியில்லாமல் கேம் திறக்காதபடி பூட்டுப் போடுவதும் போடாததும் உருவாக்கியவர் விருப்பம். இண்டி கேம்களில் கணிசமானவை பூட்டில்லாமலே வருகின்றன. சோதித்துப் பார்ப்பது எளிது. கேமை நிறுவியபின் ஸ்டீமை முழுதாக மூடுங்கள், வைஃபையை அணையுங்கள். கேம் கிடக்கும் ஃபோல்டருக்குப் போய் அதன் எக்ஸி கோப்பை நேரடியாக இருமுறை தட்டுங்கள். கேம் திறந்தால் அந்த ஃபோல்டரை அப்படியே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைக்கலாம். அதற்குப் பதிலாக ஸ்டீம் எழுந்து வந்து கடவுச்சொல் கேட்டால், பூட்டு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜிஓஜி இதற்கு நேர் எதிர். சைபர்பங்க் கேமை உருவாக்கிய சிடி புராஜெக்ட் நிறுவனம் போலந்தில் 2008-இல் தொடங்கிய கடை. பழைய கேம்களை விற்க வந்தது, இப்போது இண்டி கேம்களும் நிறைய. டிஆர்எம் என்ற பூட்டு இல்லை என்பதே அவர்களின் விளம்பரம். வாங்கிய கேமின் பக்கத்துக்குப் போனால் இணையம் இல்லாமலே கேமை நிறுவும் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்று ஒன்று கிடைக்கும். பெரிய கேமாக இருந்தால் ஓர் எக்ஸி கோப்பும், கூடவே ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 ஜிபி அளவில் துண்டு துண்டாகச் சில '.bin' கோப்புகளும் வரும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தால் போதும். ஒரு துண்டு குறைந்தாலும் பாதியில் நின்றுவிடும், அதனால் இறக்கி முடித்ததும் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் கடையே இல்லாமல் போனாலும் கேம் உங்களுடையது. வாங்கி 30 நாள் வரை, விளையாடியிருந்தாலும் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். 2020-இல் கொண்டுவந்த விதி இது.

சரி, எல்லாரும் அங்கேயே வாங்கிவிடலாமே? டாலர்தான் இடிக்கிறது. ஸ்டீமில் 35 ரிங்கிட் போட்டிருக்கும் ஒரு கேம் ஜிஓஜியில் 15 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்த பிறகு கிட்டத்தட்ட 60 வெள்ளி ஆகிவிடும். பூட்டில்லாத கோப்புக்காக 25 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. எல்லாக் கேமுக்கும் நான் கொடுக்க மாட்டேன். மீண்டும் மீண்டும் விளையாடப்போகும் ஒரு சிலவற்றுக்குக் கொடுப்பேன்.

டாலரில் கட்டும்போது நம் ஊருக்கே உரிய சில தடங்கல்கள் உண்டு. டெபிட் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமாக வங்கியின் செயலியில் திறந்துவிட்டால்தான் காசு போகும். அது மூடியிருப்பது தெரியாமல் கடையின் மேல் பழி போடுகிறவர்கள் நிறைய. பேபால் வழியாகக் கட்டினால், கடைசிப் பக்கத்தில் அது தன் விகிதத்தில் ரிங்கிட்டாக மாற்றித் தருகிறேன் என்று முன்வந்து நிற்கும். பெரும்பாலும் அந்த விகிதம் நம் வங்கியுடையதைவிட மோசம். மாற்றும் வேலையை அட்டைக்கு விட்டுவிடும் தெரிவு அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடி எடுங்கள்.

வரி பற்றியும் கேட்பார்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் டிஜிட்டல் சேவைக்கு நாம் 2020 ஜனவரியிலிருந்து சேவை வரி கட்டுகிறோம். முதலில் 6 விழுக்காடு, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. ஆண்டுக்கு 500,000 ரிங்கிட்டுக்கு மேல் மலேசியாவில் விற்கும் நிறுவனம்தான் பதிந்துகொண்டு வசூலிக்க வேண்டும். அதனால் பெரிய கடையில் வரி இருக்கும். தனி ஆள் தன் தளத்தில் விற்கும் கேமுக்கு அநேகமாக இருக்காது. ஐம்பது வெள்ளிக் கேமில் இது நாலு வெள்ளி. இதை வைத்துக் கடையை முடிவு செய்ய வேண்டியதில்லை.

இட்ச்.ஐஓ 2013-இல் தொடங்கியது. கடை என்பதைவிடச் சந்தை என்றால் பொருந்தும். கேம் ஜாம் என்ற குறுகிய நேரக் கேம் உருவாக்கும் நிகழ்வில் இரண்டு நாளில் உருவாக்கியதும் அங்கே இருக்கும், ஐந்து வருடம் உழைத்ததும் இருக்கும். கடைக்கு எவ்வளவு பங்கு என்பதை விற்பவரே முடிவு செய்கிறார். சாதாரணமாக 10 விழுக்காடு, விரும்பினால் பூஜ்யமும் வைக்கலாம். ஸ்டீம் எடுப்பது 30 விழுக்காடு. பத்து டாலர் கொடுத்தால் அங்கே உருவாக்கியவருக்கு ஏழு, இங்கே ஒன்பதுக்குப் பக்கம். அட்டைக் கட்டணம், வரி எல்லாம் தனி. குறைந்தபட்ச விலைக்கு மேல் நாமாகக் கூடுதலாகக் கொடுக்கவும் இடமுண்டு. அக்கவுண்ட்கூட வேண்டாம். மின்னஞ்சலைக் கொடுத்துக் காசு கட்டினால் பதிவிறக்க இணைப்பு வந்துவிடும்.

முதன்முறை இட்சில் வாங்குகிறவர்கள் பயந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. ஜிப் கோப்பை விரித்து, கேமைத் திறந்தவுடன், உங்கள் கணினியைப் பாதுகாத்துவிட்டோம் என்று விண்டோஸ் ஒரு நீலப் பலகையைக் காட்டும். அதில் ஓட்டாதே என்பதற்கு மட்டும்தான் பொத்தான் இருக்கும். மேலும் விவரம் என்ற சின்ன வரியைத் தட்டினால்தான் ஓட்டு என்ற இரண்டாவது பொத்தான் தலைகாட்டும். இதற்கு வைரஸ் என்று அர்த்தமில்லை. கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் போட ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும், தனி ஆட்கள் பலர் கட்டுவதில்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தட்டவும் வேண்டாம். காசு கொடுத்து, தெரிந்தவர் பக்கத்திலிருந்து இறக்கியது என்றால் தட்டலாம். எவனோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜிப் என்றால் அந்தப் பலகை சொல்வதைக் கேளுங்கள்.

இட்சில் வாங்கியதை அன்றைக்கே இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. 2025 ஜூலையில் பணப் பட்டுவாடா நிறுவனங்கள் கொடுத்த நெருக்கடியில், வயது வந்தோருக்கான கேம்களை இட்ச் ஒரே அடியாகத் தேடலிலிருந்து மறைத்தது. அந்த வகைக் கேம்களில் நமக்கு அக்கறை இருக்கிறதோ இல்லையோ, எது கடையில் தெரியும் என்பதைக் கடைக்காரரே தனியாக முடிவு செய்ய முடியவில்லை என்பது அதில் தெரிந்தது. இண்டி கேம்களுக்கென்றே இருந்த டெசுரா என்ற கடை 2015-இல் திவாலானது இன்னும் பழைய கதை. உருவாக்கியவர்கள் பலருக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. கோப்பை எடுத்து வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

நான்காவது, உருவாக்கியவரின் சொந்தத் தளம். இதுதான் நான்கிலும் பழைய வழி. தொண்ணூறுகளின் ஷேர்வேர் காலத்தில் முதல் பாகத்தை இலவசமாகக் கொடுப்பார்கள், பிடித்திருந்தால் காசு அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும், சாவி எண் வரும், அதைப் போட்டால் மீதி திறக்கும். இன்றும் அதே முறையில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியது, சாவியை யார் சரிபார்க்கிறார்கள் என்பது. கேமே தனக்குள் கணக்குப் போட்டுச் சரிபார்த்தால் அந்தச் சாவி நிரந்தரம். இருபது வருடம் கழித்தும் வேலை செய்யும். இணையத்தில் போய் உருவாக்கியவரின் சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும் என்றால், அந்த சர்வர் இருக்கும்வரைதான் கேம். தனி ஆள் நடத்தும் சர்வர் எத்தனை நாள் இருக்கும் என்று யார் கண்டது? இரண்டாவது வகையாக இருந்தால் நான் அங்கே வாங்க மாட்டேன், ஸ்டீமுக்கே போய்விடுவேன். வால்வ் மூடுவதற்கு முன் அந்த ஒற்றை ஆள் சர்வர் மூடிவிட வாய்ப்பு அதிகம். இத்தனை கணினியில்தான் பதியலாம் என்ற வரம்பும் சிலர் வைப்பார்கள். மடிக்கணினியை மாற்றும்போது பழையதில் பதிவை நீக்கிவிட்டுத்தான் புதியதில் போட வேண்டும்.

பதிவுப் படிவத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. அடையாள அட்டையில் இருக்கிறபடி ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு முழுப்பெயரையும் எழுதுகிறோம். சில படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. சில ஏற்றுக்கொண்டு, பெயரோடு சேர்த்தே சாவியைக் கணக்கிட்டுவிடும். பெயரும் சாவியும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டிய கேமில், பிறகு சாய்கோடு இல்லாமல் தட்டினால் சாவி தவறு என்று வரும். பதிவுக்குச் சொந்தப் பெயரை மட்டும் கொடுங்கள், அட்டைக்குரிய இடத்தில் அட்டையில் உள்ளபடி கொடுங்கள். சாவி வந்த மடலிலிருந்து பெயரையும் சாவியையும் நகலெடுத்து ஒட்டுங்கள், கையால் தட்ட வேண்டாம். கல்லூரி மின்னஞ்சலிலோ அலுவலக மின்னஞ்சலிலோ பதிவு செய்யவே வேண்டாம். படிப்பு முடிந்ததும் அந்த முகவரி போய்விடும், சாவியும் கூடவே போகும்.

நேரடியாக வாங்குவது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஃபேக்டோரியோ நல்ல உதாரணம். செக் நாட்டின் வூப் நிறுவனத்துடையது. அவர்கள் தளத்தில் வாங்கினால் தனியாக ஓடும் கோப்பும் கிடைக்கிறது, ஸ்டீமுக்கான சாவியும் கிடைக்கிறது. விலை 35 டாலர். மலிவு விற்பனை எப்போதும் இல்லை என்று அறிவித்தே வைத்திருக்கிறார்கள், அதனால் டிசம்பர் வரை காத்திருந்தும் பலனில்லை. எல்லாரும் இப்படி இரண்டையும் கொடுத்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையிருக்காது. ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் வேறொரு மாதிரி. இரண்டு சகோதரர்கள் 2006 முதல் தங்கள் தளத்தில் இலவசமாகவே கொடுத்து வந்தார்கள். 2022 டிசம்பரில் படங்களோடு அழகுபடுத்திய பதிப்பை ஸ்டீமிலும் இட்சிலும் விலைக்கு விட்டார்கள். வெறும் எழுத்துக்குறிகளால் ஆன இலவசப் பதிப்பு இன்னும் இருக்கிறது. அதை ஒரு வாரம் ஆடிப் பாருங்கள், தலை சுற்றாமல் இருந்தால் மற்றதை வாங்கலாம்.

எபிக் என்ற மற்றோர் இணையக் கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாராவாரம் இலவசமாகக் கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் நல்ல இண்டி கேம்கள் வருவதுண்டு. சில கேம்கள் முதலில் அங்கே மட்டும் வரும். நம் கோலாலம்பூர் மெட்ரோனோமிக் உருவாக்கிய நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் 2020-இல் கணினிக்கு எபிக் வழியாக வந்தது, அடுத்த ஆண்டுதான் ஸ்டீமுக்கு வந்தது. அவசரமில்லாதவர்கள் காத்திருக்கலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நான் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. பாதி விலைக்குச் சாவி விற்கும் இடைத்தரகுத் தளங்கள். அங்கே வரும் சாவிகளில் திருட்டு அட்டையில் வாங்கியவையும் கலந்திருக்கும். அட்டைக்காரர் வங்கியில் புகார் செய்ததும், சாவியை விற்ற உருவாக்கியவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து அபராதமும் கட்ட வேண்டும். 2019-இல் இண்டி கேம் வெளியீட்டாளர்கள் சிலர், அந்தத் தளங்களில் வாங்குவதைவிடத் திருட்டுப் பதிப்பையே இறக்கிக்கொள்ளுங்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அந்த அளவுக்கு வெறுத்துப்போயிருந்தார்கள். இணையச் சந்தைகளில் ஐந்து பத்து வெள்ளிக்கு விற்கும் 'ஷேரிங் அக்கவுண்ட்' அதைவிட மட்டம். விற்பவர் தன் ஸ்டீம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுப்பார், நீங்கள் நுழைந்து கேமை இறக்கிவிட்டு ஆஃப்லைனில் வைத்து ஆட வேண்டும். ஒரு நாள் தவறி ஆன்லைன் போனால் கடவுச்சொல் மாறியிருக்கும், கடைக்காரரையும் காணோம். சென்னையில் இருக்கும் மாமா மகனை இந்திய விலையில் வாங்கிப் பரிசாக அனுப்பச் சொல்லலாமே என்று கேட்பவர்களுக்கு: இரண்டு நாட்டு விலையும் ரொம்ப வித்தியாசப்பட்டால் ஸ்டீமே அந்தப் பரிசைத் தடுத்துவிடும்.

ஆகவே என் வரிசை இப்படி. கணினியில் ஓடுமா என்று தெரியாத கேம், நண்பர்களோடு இணைந்து ஆடும் கேம், மாட் (ரசிகர்கள் உருவாக்கும் மாற்றங்கள்) போட்டு ஆடும் கேம், இவற்றுக்கு ஸ்டீம். ரிங்கிட் விலையும் சாதகம். தனியாக உட்கார்ந்து ஆடும், வருடத்துக்கு ஒருமுறை திரும்பிப் போகும் கேம் என்றால் ஜிஓஜி. அதுவும் மலிவு விற்பனையில், விலை வித்தியாசம் பத்துப் பதினைந்து வெள்ளிக்குள் வரும்போது. ஸ்டார்டியூ வேலி மாதிரியான கேம்கள் அந்த ரகம். ஒற்றை ஆளின் முதல் கேம், உள்ளூர்ப் பிள்ளைகள் உருவாக்கியது, ஐந்து டாலருக்குள் இருப்பது என்றால் யோசிக்கவே வேண்டாம், இட்ச். சொந்தத் தளத்தில் வாங்குவது, கோப்போ நிரந்தரச் சாவியோ கையில் கொடுத்தால் மட்டும்.

வீட்டில் பிள்ளைகள் மூன்று நாலு பேர் இருந்தால் இந்த வரிசை மாறும். ஸ்டீமில் 2024-இல் வந்த குடும்பத் திட்டத்தில், ஒரே வீட்டில் இருக்கும் 6 பேர் வரை தங்கள் கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். வெவ்வேறு கேமை ஒரே நேரத்தில் ஆடலாம். உருவாக்கியவர் அனுமதிக்காத சில கேம்கள் மட்டும் இதில் சேராது. நாலு பேருக்கு நாலு தடவை வாங்குவதோடு ஒப்பிட்டால் மற்ற கடைகள் போட்டியிலேயே இல்லை. ஒருவரை நீக்கினால் அந்த இடத்தில் வேறொருவரைச் சேர்க்க ஒரு வருடம் ஆகும். உங்கள் கேமில் அண்ணன் மகன் ஏமாற்றி ஆடி மாட்டிக்கொண்டால் அந்தக் கேமில் உங்களுக்கும் தடை விழும். யாரைச் சேர்ப்பது என்பதை மட்டும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.